படத்தில் வராத இடம்

மருத்துவர் அவளுடைய இரண்டு மார்பக எக்ஸ்ரே படங்களையும் திரையில் அருகருகே வைத்தார். ஒன்று இன்று எடுத்தது. அக்குளை ஒட்டி, நெஞ்சுத் தசைக்கு முன்னால், முள்முள்ளாக ஒரு வெள்ளைக் கட்டி. மற்றது போன வருடம் வேறொரு ஸ்கேன் சென்டரில் எடுத்தது. அதில் அந்தத் தசையே வரவில்லை. மார்பு படத்தின் ஓரத்தில் பாதியிலேயே வெட்டுப்பட்டிருந்தது.

"சரியா இழுத்து வைக்காம எடுத்திருக்காங்க. கட்டி அப்பவே இருந்துச்சான்னு கேட்டா, என்னால சொல்ல முடியாதும்மா. அந்த இடமே படத்துல வரலையே."

அவள் பள்ளி வேன் ஓட்டுகிறவள். கை கனத்தபோதெல்லாம், ஸ்டியரிங் திருப்புகிற வலி என்று தைலம் தேய்த்துக்கொண்டாள். போன வருட ரிப்போர்ட்டில் 'சந்தேகப்படும்படி எதுவும் இல்லை' என்று எழுதித் தந்த பிறகு வேறென்ன நினைப்பாள்? அன்று கூச்சத்தில் தோளைக் குறுக்கிக்கொண்டு நின்றதும், மெஷின் பெண் அப்படியே எடுத்துவிட்டு "போதும்மா, கிளம்புங்க" என்றதும் நினைவுக்கு வந்தன. ஒரு கணம் தன்மேலேயே கோபம் வந்தது. அப்படி வந்ததற்காக இன்னும் அதிகமாக வந்தது.

வெளியே வந்ததும், துணைக்கு வந்திருந்த நாத்தனார் அழ ஆரம்பித்தாள். கல்யாணமான நாளிலிருந்து இருவரும் எலியும் பூனையும்தான்.

"வீட்டுக்குப் போயிடலாம் அண்ணி."

"அழறதை வண்டியில அழு. ஏறு."

பழைய சென்டரில், அந்த ரிப்போர்ட்டில் கையெழுத்திட்ட மருத்துவர் படத்தைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது என்பது அவளுக்கும் புரிந்தது.

"படம் எடுக்கறது டெக்னீஷியன் வேலைம்மா."

"எதுவும் இல்லைன்னு எழுதினது யாரு வேலை?"

"அன்னைக்குக் கூட்டம்..."

"இன்னொரு தடவை எடுக்கச் சொல்லியிருக்கலாமே. கண்ணாடியில பின்னாடி தெரியலைன்னா, பிள்ளைங்க யாரும் இல்லைன்னு நான் வண்டியை எடுப்பேனா?"

அவர் மேசை மணியை அழுத்தினார். "புகார்னா ஆபீஸ்ல எழுதிக் குடுங்க."

"எங்க அண்ணனே அண்ணி வாயை அடைக்க முடியாது," என்றாள் நாத்தனார், மூக்கை உறிஞ்சியபடி. "நீங்க மணியடிச்சா நிறுத்திடுவாங்களா?"

அண்ணி அதற்குள் காத்திருப்புக் கூடத்துக்கு நடந்திருந்தாள். அங்கே பெண்கள் பெஞ்சில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் முன்னால் போய் நின்றாள்.

"உள்ளே போனா, அக்குள் வரைக்கும் முழுசா வந்திருக்கான்னு கேளுங்க. வலிச்சாலும் விடாதீங்க. எனக்குப் பாதிதான் எடுத்தாங்க. பாதியைப் பார்த்துட்டு முழுசுக்கும் கையெழுத்துப் போட்டுட்டாங்க."

உள்ளேயிருந்து அடுத்த எண்ணைக் கூப்பிட்டார்கள். யாரும் எழவில்லை. மறுபடியும் கூப்பிட்டார்கள். ஓரத்தில் இருந்தவள் தன் டோக்கனைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள். பிறகு, பேசிவிட்டு நின்றவள் உட்காரக் கொஞ்சம் இடம்விட்டு நகர்ந்தாள்.