வால் நறுக்கிய விரால்

எழுபத்தெட்டில் கொள்ளிடக் கரையில் பெட்ரோகெமிக்கல் கம்பெனி வந்ததும், திருச்சிக்கே யோகம் அடித்தது என்றார்கள். பொய்யில்லை. பி.எஸ்ஸி. முடித்துவிட்டுப் பாலக்கரையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்த சவரிநாதனுக்கே அங்கே கெமிஸ்ட் வேலை கிடைத்ததே! வேலை கிடைத்ததால்தான் அக்னஸைக் கட்டிக்கொடுத்தார்கள்.

அந்த வேலையோடு ஒரு திருட்டுத்தனமும் ஒட்டிக்கொண்டு வந்தது. ஆலைக் கழிவுநீர் ஆற்றில் விழுமுன் ஒரு தொட்டியில் தேங்கும். தண்ணீர் சுத்தம் என்று வருகிறவர்களுக்குக் காட்ட அதில் விரால் மீன் விட்டிருந்தார்கள். எதற்கும் அசராத விராலே ஒரு வாரத்தில் மல்லாந்துவிடும். செத்ததைப் புதைத்துவிட்டுப் புதியதை விடுவது சவரிநாதன் பொறுப்பு.

ஸ்ரீரங்கத்தில் ஆற்றோரம் மீன் விற்கும் கமலவல்லியிடம்தான் உயிர்மீன் வாங்கினான். "வாராவாரம் விராலா?" என்று அவள் கேட்டபோது, "வீட்டுல ஆபரேஷன் பண்ணியிருக்கு" என்று வாய்க்கு வந்ததை அளந்துவிட்டான். அறுத்த புண் ஆற விரால்தான் நல்லது என்று, அன்றிலிருந்து நல்ல விராலாகப் பார்த்துப் பானையில் ஒதுக்கி வைத்தாள். புருஷன் தெரியாமல் விற்றுவிடக் கூடாதென்று வால் நுனியை லேசாக நறுக்கியும் விடுவாள்.

கோடையில் ஆறு மெலிந்தது. ஆலைக்குக் கீழே மீன்கள் செத்துச் செத்து ஒதுங்கின. வலைக்காரர்கள் கேட்டில் திரண்டார்கள். மேனேஜர் அசரவில்லை, அவர்களை நேரே தொட்டிக்கு அழைத்துப் போனார்.

"எங்க தண்ணியில மீன் நல்லாத்தானே இருக்கு? கெமிஸ்ட்டையே கேளுங்க!"

"ஆமாங்க" என்றான் சவரிநாதன். வேறென்ன சொல்வான்? சோறு போடும் வேலை.

கூட்டத்திலிருந்து கமலவல்லி எட்டிப் பார்த்தாள். ஒரு விரால் மேலே வந்து காற்றைக் குடித்துவிட்டுத் திரும்பியது. அதற்கு வால் நுனி இல்லை. அடுத்ததற்கும் இல்லை.

"சார், இது உங்க வீட்டு அம்மாவுக்குக் கொடுத்த மீனுங்க. அவங்க சாப்பிடலீங்களா?"

மற்றவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. சவரிநாதனுக்கு இவள் நாலு பேர் முன்னால் கத்தித் தொலைத்தாலாவது தேவலை என்றிருந்தது.

"அவளுக்கு ஒண்ணுமில்லம்மா" என்றான், தரையைப் பார்த்துக்கொண்டு.

அவள் தொட்டியைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். விளங்கிவிட்டது. காலிக் கூடையை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள்.

"ஒண்ணுமில்லேன்னா நல்லதுதாங்க. அவங்க பொழைக்கணும்னு சமயபுரத்துக்கு நடந்து வரேன்னு வேண்டியிருந்தேன். ஆத்தாகிட்ட நான் பொய் சொல்ல முடியாதுங்க. நடந்துட்டே வந்துடறேன்."