ஸ்கேன் கட்டிலில் தையலம்மாள்

"இன்னாடி இது, மாசம் பூராவும் துணி காயுது? வர்றவன் போறவன்லாம் பாக்குறான். எனக்கு மானம் போவுது!"

கொடியில் கிடந்த பழந்துணிகளை உருவி வேலியோரம் எறிந்தான் சுப்புராயன். தையலம்மாள் குனிந்து பொறுக்கினாள். நிமிரத்தான் நேரம் பிடித்தது. ஐந்து மாதமாக அவளுக்கு உதிரப்போக்கு நிற்கவில்லை. போவது பெண்டாட்டியின் இரத்தம் என்று சுப்புராயனுக்குத் தோன்றவே இல்லை. தன் மானம் என்றுதான் தோன்றியது.

டவுன் ஆஸ்பத்திரிக்குத் துணைக்கு வா என்று மூன்று முறை கூப்பிட்டுப் பார்த்துவிட்டாள். பொம்பளை வார்டு வாசலில் நிற்பது ஆம்பளைக்குக் கேவலம் என்று மூன்று முறையும் சொல்லிவிட்டான். சாராயக்கடை வாசலில் நிற்பதைப் பற்றி அவனுக்கு அப்படி எந்தக் கொள்கையும் கிடையாது.

அதனால்தான், ஞாயிற்றுக்கிழமை ஊரிலேயே பெண்கள் மருத்துவ முகாம், ஸ்கேன் மெஷினோடு லேடி டாக்டரே வருகிறார் என்று சுகாதார ஊழியர் ஜோஸ்பின் சொன்னபோது, தையலம்மாளுக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது.

ஞாயிறு காலை ஊர்த்தெருக் கல்யாண மண்டபத்து வாசலில் பேனர் கட்டியிருந்தார்கள். 'எல்லாப் பெண்களும் சமம், எல்லோருக்கும் நலம்.' அதில் முக்கால்வாசியை முகாம் தலைவர் பலராமனின் கும்பிட்ட கையும் மீசையுமே அடைத்துக்கொண்டன. எல்லாப் பெண்களும் மிச்சமிருந்த மூலையில் சமமாக இருந்தார்கள்.

தையலம்மாளோடு வந்த காலனிப் பெண்களை ஜோஸ்பின் வழியிலேயே மறித்தாள். அவளும் அதே காலனிக்காரிதான். முகத்தைப் பார்க்காமல் பேசினாள்.

"அக்கா, ஒங்களுக்குத் தண்ணி டேங்க்கு பக்கத்துல தனிப் பந்தலு. பிரஷர் பாத்து, சத்து மாத்திரை குடுப்பாங்க."

"ஸ்கேனு?"

"அது மண்டபத்துல மட்டும்தான். வெயில்ல நீங்க அவ்ளோ தூரம் அலையக் கூடாதுன்னு தலைவரு சொன்னாரு."

மண்டபம் கூப்பிடு தூரம். அதைத் தாண்டி ஒரு மைல் நடந்துதான் இதே பெண்கள் பலராமனின் கரும்புக்குத் தினமும் களையெடுக்கப் போகிறார்கள். அங்கே அடிப்பது வேறு வெயில் போலிருக்கிறது.

தையலம்மாளின் கையில் பத்து மாத்திரை விழுந்தது. வயிற்றைப் பற்றி அவள் வாயெடுப்பதற்குள் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

பதினோரு மணிக்கு மண்டபத்தில் ஒரு சிக்கல் முளைத்தது. முகாமுக்கு உதவி செய்த அறக்கட்டளை அனுப்பிய படிவத்தில், எல்லாப் பிரிவுப் பெண்களும் பயனடைந்ததற்குப் புகைப்படம் இணைக்கச் சொல்லியிருந்தது.

"காலனில இருந்து ஒருத்திய கூட்டினு வாம்மா. நல்ல பொடவையா கட்டினு வரட்டும்" என்றார் பலராமன்.

ஜோஸ்பின் நேராகத் தையலம்மாளிடம்தான் வந்தாள். வேறு யாரையும் அவள் தேடவில்லை; கொடியில் காய்ந்த துணிகளை அவளும் பார்த்திருந்தாள்.

இத்தனை வருஷத்தில் அந்த மண்டபத்துக்குள் எச்சில் இலை எடுக்க மட்டுமே நுழைந்திருந்த தையலம்மாள், அன்றைக்கு முன்வாசல் வழியாகப் போனாள். வெள்ளை விரிப்புப் போட்ட கட்டிலில் படுக்கச் சொன்னார்கள், படுத்தாள். டாக்டர் அர்ச்சனா கருவியை அவள் வயிற்றுக்கு மேலே, படாமல் பிடித்தார். தலைமாட்டில் பலராமன் சிரித்தார். போட்டோ எடுத்தாயிற்று.

"போதும், எழுந்திரு" என்றார் பலராமன்.

தையலம்மாள் எழுந்திருக்கவில்லை.

"ஏ தையலு, காதுல வுழல? லைன்ல எல்லாரும் நிக்கிறாங்க!"

"நிக்கட்டுங்க ஐயா. நான் அஞ்சு மாசமா நிக்கிறேன்." கட்டில் சட்டத்தை இறுகப் பிடித்துக்கொண்டாள். "அம்மா, மெஷினு வவுத்து மேலதான் இருக்குது. அப்படியே பாத்துடுங்க."

பலராமன் போட்டோக்காரரைப் பார்த்தார். கேமரா இன்னும் திறந்தபடியே இருந்தது. மறுபடியும் சிரித்துவைத்தார்.

"உங்களுக்கு என்னம்மா பண்ணுது?" என்றார் டாக்டர். அந்தக் கேள்வியை அவளிடம் இதுவரை யாரும் கேட்டதில்லை. தையலம்மாளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதுகொண்டே ஒன்று விடாமல் சொன்னாள்.

ஜில்லென்ற பசையும் கருவியும் வயிற்றில் பட்டன. டாக்டரின் முகம் மாறியது. கர்ப்பப்பையில் பெரிய கட்டி. கண்ணிமையை இழுத்துப் பார்த்தார், உடம்பில் இரத்தமும் இல்லை. கடிதம் எழுதிக் கொடுத்து, "நாளைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க. தள்ளிப் போடக் கூடாது" என்றார்.

வரிசையில் அடுத்து நின்றவள் பலராமனின் மனைவி மணியம்மாள். இடுப்பு வலியால் சுவரைப் பிடித்தபடி நின்றவள், கட்டிலைப் பார்த்ததும் கையை எடுத்துக்கொண்டாள்.

"அவ படுத்ததுலயா? எனக்கு ஒண்ணும் இல்ல, நான் நல்லாத்தான் இருக்கேன்."

வேறு விரிப்பு போடுகிறேன் என்றார் டாக்டர். "கட்டிலு அதே கட்டிலுதானே?" என்று சொல்லிவிட்டு, நொண்டி நொண்டி வீட்டைப் பார்க்க நடந்தாள். கௌரவம் வலியை விடப் பெரிது போலும்; அதற்கு ஸ்கேன் கிடையாது.

"இத நீயே எடுத்துனு போ" என்று பலராமன் விரிப்பைக் காலால் தள்ளினார். தையலம்மாள் அதை எடுத்து நான்காக மடித்தாள்.

வீட்டுக்கு வந்ததும் விரிப்பை அலசி, வாசல் கொடியில், தெருவே பார்க்கும்படி அகலமாக விரித்துப் போட்டாள். நடுவில் ஒரு திட்டு இரத்தக் கறை மட்டும் போகவில்லை.

"மறுபடியுமாடி?" என்று பாய்ந்து வந்தான் சுப்புராயன்.

"கைய வெக்காத. அது ஊரு குடுத்த மருவாத, எல்லாரும் பாக்கட்டும்." கடிதத்தை மஞ்சள்பைக்குள் வைத்தாள். "காலைல மொத பஸ்ஸுக்கு ஆஸ்பத்திரி போறேன். நீ வர்றியா, இல்ல இங்கயே நின்னு துணிக்குக் காவல் இருக்கியா?"