அண்டாவின் திகதி

'மேரி ஹார்ட்லி' தேயிலையும் கொப்பராவும் சுமந்த கப்பல். யுத்தம் வந்ததும் கடற்படை அதை எடுத்து, சாம்பல் நிறம் பூசி, சரக்கறைகளில் கடைசல் இயந்திரங்களை ஏற்றி, போர்க்கப்பல்களைப் பழுதுபார்க்கும் கப்பலாக்கியது. கயிறு, கரண்டி ஒன்றுவிடாமல் பட்டியல் எழுதி, எடுத்தபடியே திருப்பித் தருவதாகச் சொன்னார்கள். கொம்பனி சார்பில் அதில் கையெழுத்திட்டவர் ஸ்டோர் கீப்பர் இஸ்ஸதீன். கப்பலோடு போனவர் அவருடைய தங்கை லுத்பியாவின் புருஷன் பலீல், சமையற்காரர்.

நாற்பத்துமூன்று நவம்பரில் கொட்டாஞ்சேனை வீட்டுக்கு இரண்டு வரிக் கடிதம் வந்தது. கப்பலின் சமையலறைத் தீயில் பலீல் இறந்துவிட்டார். திகதியும் இடமும் யுத்த ரகசியம். திகதி தெரியாமல் லுத்பியா எப்படி, கைம்பெண் வீட்டைவிட்டு வெளியே போகாமல் இருக்கும் இத்தா இருப்பாள்? புருஷன் மௌத்தான நாளிலிருந்து நாலு மாதமும் பத்து நாளும் அல்லவா கணக்கு? இஸ்ஸதீன் கடற்படை அலுவலகத்துக்கு ஆறு தரம் நடந்தார். ஆறு தரமும் வாசலோடு அனுப்பினார்கள். அந்த ஒரு நாளைச் சொல்லிவிட்டால் ஜப்பான்காரன் கொழும்பைப் பிடித்துவிடுவானாம்! வேறு வழியின்றி, கடிதம் வந்த நாளிலிருந்தே அவள் அறைக்குள் உட்கார்ந்தாள். அந்த இத்தாவின் நடுவில் ஹெந்தளையில் அவர்களுடைய உம்மா மௌத்தானார். லுத்பியா வாசற்படி தாண்டவில்லை.

நாற்பத்தாறில் கப்பலைக் கொம்பனியிடம் திருப்பிக் கொடுத்தார்கள். பட்டியலைச் சரிபார்க்க இஸ்ஸதீனையே கூப்பிட்டார்கள். கொம்பனிக் கிளார்க் சண்முகலிங்கம் ஒவ்வொன்றாக வாசித்தார்.

"செம்பு அண்டா ஒன்று. சமையலறைத் தீயில் அழிந்தது. மொம்பாசா, 1943 ஜூன் 3."

வேறு தீயே இந்தக் கப்பலில் பிடித்ததில்லை என்று கடற்படை அதிகாரி பெருமையாகச் சொன்னார். இஸ்ஸதீன் பட்டியலை வாங்கி அந்த வரியைத் தானே வாசித்தார். அண்டாவுக்கு நாள் உண்டு, ஊர் உண்டு. அதில் சோறாக்கிய மனுஷனுக்கு ஒன்றுமில்லை.

"கையெழுத்தைப் போடுங்கோ. கப்பல் நாளைக்கு வெளிக்கிட வேணும்" என்றார் சண்முகலிங்கம்.

"அண்டாட மௌத்துக்குத்தான் இவங்கள்ட்ட திகதி ஈக்கிது. கையெழுத்தயும் அண்டாட்டயே வாங்கச் சொல்லுங்க."

பேனையை வைத்துவிட்டு அவர் இறங்கிப் போனார்.

வீட்டில் லுத்பியா திகதியைக் கேட்டுக்கொண்டாள். விரல் மடக்கி எண்ணினாள். கடிதம் வருவதற்கு ஒரு மாதம் முன்பே, ஒக்டோபரில், அவளுடைய இத்தா முடிந்திருந்தது. மறுபடியும் எண்ணிவிட்டு அண்ணனை நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்ப, உம்மாட மொகத்தப் பாக்க நான் போயீக்கலாம் தானே, நானா?"