ஓய்வுநாளில் கழுவாத குழல்

சத்தியநேசனின் கண்ணில் பூ விழுந்த பிறகுதான் துப்பாக்கி தேவமணியின் கைக்கு வந்தது. அதுவரை அதைத் துடைக்கக்கூட அவர் அவளை விட்டதில்லை. பொம்பளை தொட்டால் குறி தப்பும் என்று சொன்ன அதே மனிதர், இரண்டு கண்ணும் போனதும், "நீ பிடி, நான் சொல்லுதேன்" என்றார். லைசென்ஸ் அவர் பெயரில். தோளில் விழுகிற இடி அவளுக்கு.

களக்காட்டுக்கு மேற்கே, மலை வந்து இறங்குகிற இடத்தில் அவர்களுடைய தோட்டம். சிறுகிழங்கு போட்டிருந்தார்கள். முந்திய இரண்டு வருஷமும் காட்டுப்பன்றி தின்றது போக மிஞ்சியது கொடி மட்டும்தான். இந்த வருஷமும் போனால் இலங்கைத் தேயிலைக் காடுதான் கதி. தேவமணியின் தம்பி கிருபைராஜ் அங்கே போய் ஒரே மழைக்காலத்தில் காய்ச்சலில் செத்தான். எங்கே புதைத்தார்கள் என்று சொல்லக்கூட ஒருவரும் வரவில்லை. ஆகவே தேயிலைக் காட்டுக்கு ஆள் சேர்க்கும் கங்காணி அப்பாத்துரை ஐப்பசியில் வந்து நின்றபோது அவள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

"துப்பாக்கி பிடிச்ச கைக்குக் கொழுந்து கிள்ளுதது லேசுதான், என்ன அண்ணாச்சி?" என்று அவர் சத்தியநேசனிடம் சிரித்தார்.

"கிழங்கு வெட்டினதும் வாரும், ஒரு கடவப்பெட்டி நிறையத் தந்து விடுதேன்" என்றாள் தேவமணி. "சுமந்துக்கிட்டு ஓடிரும்."

அவள் பழகியது கணவரின் காதை வைத்துத்தான். வாசலில் உட்கார்ந்து அவர் சொல்லச் சொல்ல அவள் செய்தாள். முதலில் வெடிமருந்து, மூங்கில் குப்பி அளவு. அதன்மேல் எண்ணெய்த் துணியில் பொதிந்த ஈயக்குண்டு. பிறகு கோலால் குத்தி இறக்க வேண்டும். கோலில் அவர் கத்தியால் கீறிய கோடு ஒன்று உண்டு. கோடு குழல் வாய்க்குச் சரியாக நின்றால், குண்டு மருந்தின்மேல் உட்கார்ந்துவிட்டது என்று அர்த்தம்.

"இடையில நின்னுட்டா?"

"நின்னா சுடாத. குழல் வெடிச்சு உன் மூஞ்சி போயிரும்."

"சுட்டு முடிச்சா?"

"அன்னைக்கே வெந்நி ஊத்திக் கழுவணும். கரி உப்பு மாதிரி, ஈரத்தைக் குடிக்கும். ஒரு ராத்திரி கிடந்தா துரு."

கழுவிய பிறகு வெறுங்குழலில் கோலைப் போடச் சொல்லுவார். அடியில் பட்டு அது 'ணங்'கென்று துள்ளினால் தலையசைப்பார். மந்தமாக விழுந்தால், "இன்னும் கரி இருக்கு, கழுவு" என்பார். அவர் காதை ஏமாற்ற முடியாது.

மார்கழி பிறந்தது. கிழங்கு முற்ற இன்னும் கொஞ்ச நாள்தான். கோயிலில் அப்பமும் ரசமும் எடுக்கிற கிறிஸ்மஸ் ராப்போசனம் அந்த வருஷம் ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. முந்திய சனிக்கிழமை பொழுது சாயும் நேரத்தில் பன்றிக்கூட்டம் ஓடைக்கரையில் இறங்கியது. தேவமணி மூன்று முறை சுட்டாள். மூன்றாவது குண்டு ஒரு பெரிய பன்றியின் தொடையில் பட்டது. கூட்டம் மலைக்குத் திரும்பி ஓடியது. அவளுக்குத் தோள் விண்விண் என்று தெறித்தது. ஆனாலும் சந்தோஷமாக இருந்தது.

அடுப்பில் தண்ணீர் வைக்கப் போகும்போது கோயில் மணி அடித்தது. ராப்போசனத்துக்கு முந்திய ராத்திரி ஆயத்த ஆராதனை.

"வெந்நி வைக்காத, வா" என்றார் சத்தியநேசன். "ஆயத்தம் முடிஞ்சா ராப்போசனம் எடுக்கது வரை கை வேலையைத் தொடக் கூடாது. நாளைக்கு ஓய்வுநாளு. திங்கக்கிழம கழுவிக்கலாம்."

"ஒரு ராத்திரி கிடந்தா துருங்கது நீங்க சொன்னதுதான?"

"சபை மூப்பன் வீட்டுலயே அப்படிச் செஞ்சா?"

அதுதான் விஷயம். போன வருஷம் ஓய்வுநாளில் நெல் குத்தினாள் என்று இன்பமணியைக் கோயிலின் கடைசி வரிசையில் ஒரு மாதம் நிற்க வைத்தவர் இவர். பச்சைக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் நின்றாள். இப்போது அவர் பெண்டாட்டி கந்தகம் நாறும் கையோடு வந்தால் ஊர் வாய் மூடுமா? தேவமணி போனாள். ஜெபித்தாள். ஞாயிறு காலையில் யாருக்கும் தெரியாமல் கழுவியிருக்கலாம். இன்பமணி நின்ற இடம் கண்ணுக்குள் வந்தது. தேவமணியும் பயந்துதான் கிடந்தாள். அன்று முழுக்கத் தூறல் விடவில்லை.

ஞாயிறு சாயங்கால ஆராதனை முடிந்து வரும்போதே தோட்டத்தில் சத்தம் கேட்டது.

"மணி அடிச்சு முடிச்சாச்சு, ஓய்வுநாளு தீந்துட்டு, இனி சுடலாம், எடு" என்றார் அவர்.

"பன்னி ஓய்வுநாளு பாக்கலையே" என்று அவள் சொன்னாள். வெந்நீர் வைக்க நேரம் இல்லை. மருந்தைக் கொட்டிக் குண்டை வைத்துக் குத்தினாள். கோல் கொஞ்சம் இறங்கி நின்றுவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு உடம்புப் பாரத்தையெல்லாம் போட்டுக் குத்தினாள். கோடு குழல் வாய்க்கு ஒரு சாண் மேலேயே நின்றது. குண்டு கீழேயும் போகவில்லை, மேலேயும் வரவில்லை.

சத்தியநேசன் தலையைச் சாய்த்துக் கேட்டார். அவருக்குத் தெரிந்துவிட்டது.

"வச்சிரு, ஏட்டி" என்றார் பைய. "சுடாத."

அவள் ஓலைத் தட்டியை அடித்தாள், கத்தினாள், கல்லை எறிந்தாள். ஒரு பன்றி தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி குனிந்தது. இரண்டு பேரும் வரப்பில் நின்று, கிழங்கைக் கடித்து நொறுக்கும் சத்தத்தைக் கேட்டார்கள். அவளாவது பார்த்தாள். அவருக்கு அந்தச் சத்தம் மட்டும்தான்.

அன்றைக்குத் தின்றது போக மிச்சத்தைத் தின்ன மறுநாள் விடியுமுன்னே பன்றிகள் வந்தன. உழுதுபோட்ட நிலம் மாதிரி கிடந்தது தோட்டம். காக்க ஒன்றும் இல்லாததால் துப்பாக்கி குண்டோடு அப்படியே மூலையில் கிடந்தது. கங்காணி வந்தார். இந்த முறை கேலி பேசவில்லை. தூத்துக்குடியில் கப்பல் ஏறும் நாளை மட்டும் சொன்னார். துப்பாக்கியை நாங்குநேரி தாலுகா கச்சேரியில் ஒப்படைத்துவிட்டுப் போக வேண்டும்.

புறப்படுவதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை, கோயிலுக்கு முதல் மணி அடிக்கும்போது, தேவமணி முற்றத்தில் மூன்று கல்லைக் கூட்டி அண்டாவில் தண்ணீர் வைத்தாள். மூடி மறைக்கவில்லை. வெள்ளைச் சேலை கட்டிப் போன பெண்கள் நின்று பார்த்தார்கள். அவர்களில் இன்பமணியும் இருந்தாள். அவள் சேலைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டு போனாள்.

"தேவமணி, என்ன செய்யுத?" என்றார் சத்தியநேசன் உள்ளேயிருந்து.

"கழுவுதேன்."

அவர் தடுக்கவில்லை. மருந்துக்குத் தீ மூட்டும் கேப்பு மாட்டுகிற முனையின் துளை வழியே நீர் விட்டு மருந்தை நனைத்தாள். திருகு முனை போட்ட கோலால் குண்டைப் பிடித்து இழுத்தாள். நெடுநேரம் போராடி அது வந்தது. பிறகு வெந்நீர். முதலில் மசி மாதிரி கறுப்பு, அப்புறம் துருச் சிவப்பு. துணியைச் சுற்றித் தேய்த்துத் தேய்த்து ஊற்றினாள். கோயிலில் பாட்டு எழும்பி அடங்கியது. சத்தியநேசன் நிலையைத் தடவிக்கொண்டு வந்து வாசலில் உட்கார்ந்தார்.

"தெளிஞ்சிட்டா?"

"தெளிஞ்சிட்டு."

"எண்ணெ போடு."

போட்டாள். பிறகு, அவர் சொல்லாமலே, கோலை உள்ளே விட்டாள். 'ணங்'கென்று துள்ளியது. சத்தியநேசன் தலையசைத்தார். அசைத்த தலை அப்படியே நெஞ்சில் கவிழ்ந்தது, தோள் குலுங்கியது.

அவள் அவர் பக்கம் போகவில்லை. கோலை எடுத்து மறுபடி போட்டாள். மறுபடியும் போட்டாள்.