டியூபாவின் மவுத்பீஸ்

எங்கள் பேண்டில் டிராம்போன், டியூபா இரண்டையும் நான்தான் வாசிக்கிறேன். வாத்தியம் மாறும்போது, உதட்டில் வைத்து ஊதும் மவுத்பீஸும் மாறும். டியூபாவுடையது பெரியது. சும்மா கிடந்தால் சில்லிட்டுவிடும். உதடு முதல் சுரத்தைத் தவறவிடும். அதனால் என் இடப்பக்கம் ஹார்ன் வாசித்த என் மனைவி அதைக் கழற்றித் தன் கையில் பொத்தி வைத்திருப்பாள். நான் பார்க்காமலே கையை நீட்டுவேன். வைப்பாள்.

அவள் இறந்த பிறகு நடந்த முதல் ஒத்திகையிலும் கையை நீட்டினேன். அவள் நாற்காலியில் இருந்த புதியவர் அதைப் பிடித்துக் குலுக்கினார்.

"வணக்கம் சார்! நானே வந்து பேசணும்னு இருந்தேன்."

பாட்டில் டியூபா நுழைய வேண்டிய இடம் போய்விட்டது.

"நலம் விசாரிச்சு முடிச்சாச்சா, இல்ல காபி சொல்லட்டுமா?" என்றார் பேண்ட் மாஸ்டர். எல்லோரும் சிரித்தார்கள். "இன்னொரு தடவை விட்டே, டியூபாவை வேற ஆள்கிட்ட குடுத்துருவேன்."

இடைவேளையில் எனக்குக் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. படிக்கட்டில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தேன். புதியவர் பின்னாலேயே வந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"இதை முன்னாடியே சொல்லித் தொலைக்கக் கூடாதா? குடுங்க இங்க."

அடுத்த முறை நீட்டிய கையில் மவுத்பீஸ் வெதுவெதுப்பாக வந்து விழுந்தது. டியூபா சரியான இடத்தில் நுழைந்தது. மாஸ்டர் தலையசைத்தார்.

அதன் பிறகு, வாத்தியம் மாற்ற வேண்டாத இடங்களிலும் என் இடது கை நீண்டுகொண்டே இருந்தது. புதியவர் ஒவ்வொரு முறையும் சளைக்காமல் அதைப் பிடித்துக் குலுக்கினார்.