சாண் மிச்சம் வைத்த மதில்

1927ஆம் வருஷம் சித்திரை மாதம் தொடங்கி, புளியந்திட்டுக் கல்லறைத் தோட்டத்தின் தெற்கு மதில் வாரத்துக்கு ஒரு நெல்லளவு நகர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை, செபம் முடிந்து சனங்கள் கலைகிற நேரத்தில் அது நடக்கும். அந்த வருஷம் பாகூர் ஏரி இரண்டு தடவை நிரம்பியது, நெல் விலை கொஞ்சம் இறங்கியது, மதில் ஒரு முழம் தெற்கே போயிருந்தது. ஊரார் மூன்றையும் ஒரே மூச்சில்தான் சொன்னார்கள். மதில் நகர நகர, பக்கச் சுவர்கள் இரண்டும் தாமாகவே நீண்டுகொடுத்தன. புதிதாய் வந்த செங்கலிலும் பழைய பாசிதான் படிந்திருந்தது. பொந்திலிருந்த ஓணான்கள்கூட இடம் பெயரவில்லை, மதிலோடு சேர்ந்தே போயின.

மதிலை நகரச் சொன்னவள் காசம்மாள். பண்ணைக்காரர் மணவாளனிடம் கரும்பு வெட்டுகிற அருளப்பனின் மனைவி, நடவுக்குப் போகிறவள், யாருக்கும் அஞ்சாத வாய்க்காரி. முந்தின வருஷம் ஐப்பசிப் புயலில் அவளுக்கு ஓர் ஆண்பிள்ளை பிறந்தது. அருளப்பன் வெள்ளத்துக்கு அக்கரையில் மாட்டிக்கொண்டான். காசம்மாளுக்கோ நினைவே இல்லை. குடிசையில் கண் திறந்திருந்தவள் மருத்துவச்சி ராமாயி ஒருத்திதான். பிள்ளை நீலம் பாரித்துக் கிடந்தது. உயிர் போகிற ஆபத்தில் யார் வேண்டுமானாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம், கொடுக்கிறவர் கிறிஸ்தவராய் இருக்க வேண்டுமென்பதுகூட இல்லை என்பது திருச்சபையின் போதனை. அதனால் சுற்றுவட்டாரத்து மருத்துவச்சிகளுக்கெல்லாம் அதைச் சொல்லிக்கொடுக்கும்படி பங்குச் சாமியார் உத்தரவிட்டிருந்தார். மாரியாத்தாளுக்குக் கூழ் ஊற்றுகிற ராமாயியும் கற்றுக்கொண்டிருந்தாள். பானைத் தண்ணீரை மூன்று தரம் பிள்ளையின் தலையில் ஊற்றி, கற்ற வார்த்தைகளைச் சொல்லி, சவரிமுத்து என்று பெயரிட்டாள். பிள்ளை அதற்கப்புறம் ஒரு நாழிகை இருந்தது.

அந்தப் பாடத்தை ராமாயிக்குச் சொல்லிக்கொடுத்தவர் ஊர்க் கோவிலின் உபதேசியார் இன்னாசிமுத்து. சாமியார் இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை வண்டி கட்டி வந்து பூசை வைப்பார். மற்ற ஞாயிறெல்லாம் செபம், ஞான உபதேசம், அடக்கம் எல்லாமே இன்னாசிமுத்து கையில். ஞான உபதேசத்தில் எந்தக் கேள்வியைக் கேட்டாலும் தூக்கத்தில்கூடப் பதில் சொல்லுவார். ஆனால் பிள்ளையை அடக்கம் செய்ய எடுத்துவந்த அன்றைக்குச் சேரிச் சனமெல்லாம் மழையில் நனைந்துகொண்டு நிற்க, அவர் சொன்னது இதுதான்: “கூழு ஊத்தறவ வாக்கை நம்பி சாமியார் மந்திரிச்ச கல்லறை மண்ணைத் தோண்ட முடியாதுப்பா. அஞ்ஞானி சாட்சி செல்லாது.” ஞானஸ்நானம் பெறாத பிள்ளைக்குத் தோட்டத்தில் இடம் கிடையாது. மதிலுக்கு வெளியே ஏழு முழம் தள்ளி, மணவாளனின் கரும்புக் கொல்லை வரப்பில், ஒரு பனைமரத்தடியில் பிள்ளையைப் புதைத்தார்கள். கோவில் பதிவுப் புத்தகத்தில் ‘ஞானஸ்நானம் இல்லை’ என்று இன்னாசிமுத்து எழுதிவைத்தார். அடுத்த தடவை பூசைக்கு வந்த சாமியார் புத்தகத்தை நம்பினார். பாவம், அவர் வேறு எதை நம்புவார்?

ஆறு மாதம் காசம்மாள் கோவிலுக்கே போகவில்லை. சித்திரையில் ஒரு பூசைக்குப் போனாள். சாமியார் பிரெஞ்சுக்காரர், தமிழைப் புத்தகத்தில் படித்தவர். விசுவாசத்தோடு ஒருவன் மலையைப் பார்த்து, பெயர்ந்து கடலில் விழு என்றால் அது அப்படியே ஆகும் என்று நமதாண்டவர் சொன்னதை எடுத்துப் பிரசங்கம் செய்தார். அவர் அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை, காசம்மாள் எழுந்துவிட்டாள். முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு, நேரே கல்லறைத் தோட்டத்துக்குப் போய் மதிலின் முன்னால் நின்றாள்.

“மலையே போவும்னா நீ இன்னா, இடுப்பொசரம். நவுரு.”

மதில் நகர்ந்தது. அன்றிலிருந்து ஞாயிறு தவறாமல் அவள் போய்ச் சொல்லுவாள், அதுவும் நகரும். நடக்குமோ நடக்காதோ என்று ஒருநாளும் அவள் யோசித்ததில்லை. சோறு வெந்துவிட்டதா என்று பார்க்கிறவள்போல மதிலடியைக் குனிந்து பார்த்துவிட்டு வேலைக்குப் போய்விடுவாள்.

இரண்டாம் வருஷம் சாமியார் விஷயத்தைக் கேள்விப்பட்டு, மதிலைத் தானே முழம் போட்டுப் பார்த்தார். பிறகு மனம் இளகி, “பிள்ளையை எடுத்து உள்ளே அடக்கம் செய்ய நான் அனுமதி தருகிறேன், அம்மா” என்றார். காசம்மாள் ஒத்துக்கொள்ளவில்லை. “தூங்கற புள்ளைய எதுக்கு எழுப்பணும் சாமி? தப்பு புள்ளகிட்ட இல்ல, மதிலுகிட்ட. அதுவே வரட்டும்” என்றாள். மணவாளன் தன் கொல்லை குறைகிறதென்று மேரி என்கிற பிரெஞ்சு நகரசபைக் கச்சேரியில் புகார் கொடுத்தார். அளவுக்காரர் மூன்று வருஷம் சங்கிலியோடு வந்தார். மூன்றாம் வருஷம் சங்கிலியை விரிக்காமலே, “இந்த வாட்டியும் ஒரு மொழம்தானே?” என்று கேட்டு, இளநீர் குடித்துவிட்டுப் போனார். மணவாளனும் ஒவ்வொரு தை மாதமும் ஒரு முழம் உள்ளே தள்ளியே கரும்பு நட்டார். இந்த வருஷங்களிலெல்லாம் இன்னாசிமுத்து உபதேசியார் கோவிலுக்கு வடக்கு வழியாகவே சுற்றிக்கொண்டு போனார், அந்த மதில் பக்கம் கண்ணெடுத்தும் பார்க்கவில்லை.

1933 கார்த்திகையில், பிள்ளையின் குழிக்கு இன்னும் ஒரு சாண் இருக்கும்போது மதில் நின்றுவிட்டது.

காசம்மாள் கெஞ்சினாள், திட்டினாள், ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உண்ணாமல் உட்கார்ந்து பார்த்தாள். “பெத்தவளுக்கு ஒரு சாண் கொடுக்க மாட்டியா, பாவி மதிலே!” என்று அவள் அழுத அழுகை கரும்புக் கொல்லைக்கு அந்தண்டை வரை கேட்டது. சாமியார் வந்தபோது அவரிடம் போய் நின்றாள்.

“நீங்க சொன்ன வார்த்தைதான சாமி? பாதியில நின்னா யாரு கேக்கறது?”

சாமியாருக்கு அந்தச் சித்திரை ஞாயிறு நினைவிருந்தது. “அம்மா, பாதியில் நின்றது மதில் அல்ல. பாதிப் பிரசங்கத்தில் எழுந்து போனவள் நீ. ஆண்டவர் அதே மூச்சில் இன்னொன்றும் சொன்னார். செபிக்க நிற்கும்போது யார்மேலாவது மனத்தாங்கல் இருந்தால் முதலில் அதைப் பொறுத்துவிடு என்றார்.”

காசம்மாளுக்கு முகம் கறுத்துவிட்டது. யார்மேல் என்று அவள் கேட்கவில்லை.

அடுத்த ஞாயிறு இன்னாசிமுத்து வீட்டு வாசலுக்குப் போய், உள்ளே கால் வைக்காமல், “மன்னிச்சிட்டேன்” என்று கடன்காரனுக்குக் காசை வீசுகிறவள்போல வீசிவிட்டு வந்தாள். மதில் அசையவில்லை. “சொல்லிட்டேனே, இன்னும் இன்னா வோணும் உனக்கு?” என்று மதிலை ஓர் உதை உதைத்தாள். கால்விரல் வீங்கியதுதான் மிச்சம். அதற்கும் அடுத்த ஞாயிறு மறுபடி போனாள். இந்தத் தடவை உள்ளே போய் உட்கார்ந்தாள்.

“நெசத்த சொல்லுங்க உபதேசியாரே. ராமாயி சொன்னத நீங்க நம்பலியா?”

இன்னாசிமுத்து கிழடு தட்டிப் போயிருந்தார். ஏழு வருஷமாக இந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தவர்போல உடனே பதில் சொன்னார். “அப்பவே நம்பினேன், காசம்மா. சொல்லிக்குடுத்தவனே நான்தான, அவ சரியா செஞ்சிருப்பான்னு எனக்குத் தெரியாதா? அத்தினி சனத்துக்கு முன்னால ஒரு அஞ்ஞானி வாக்குக்கு உபதேசியார் தலையாட்டினா மதிப்பு பூடும்னு பயந்தேன். அப்பறம் எழுதினத அடிக்க வெக்கமாப் பூட்ச்சி.”

மூலையில் கிடந்த உலக்கையை எடுத்து அவர் மண்டையில் போட்டால் என்ன என்று அவளுக்குத் தோன்றியது. அதையும் அவரிடமே சொன்னாள். “போடு” என்றார் அவர். காசம்மாள் ஓவென்று அழுதாள், அவரும் அழுதார். மலையோ மதிலோ நகர்த்துவது லேசு, இந்த ஆளைப் பொறுப்பதுதான் பாரம் என்று அவளுக்கு அப்போது புரிந்தது. தன்னிடமும் ஆண்டவர் பொறுத்துக்கொள்ள எத்தனையோ உண்டு என்பதும் கூடவே நினைவுக்கு வந்தது. வெகுநேரம் கழித்து முந்தானையில் மூக்கைச் சிந்திக்கொண்டு, அவர் கையைப் பிடித்தாள்.

“ஏந்திரிங்க. போலாம். அந்தப் புத்தகத்த எடுத்துக்குங்க.”

வழியில் ராமாயியையும் கூட்டிக்கொண்டார்கள். செபம் முடிந்து வந்த சனமும் பின்னாலேயே வந்தது. மதிலடியில் நின்று, எல்லோரும் கேட்க இன்னாசிமுத்து கேட்டார்.

“ராமாயி, அன்னிக்கி இன்னா ஊத்தின?”

“தண்ணிதான். பானையில இருந்த தண்ணி.”

“இன்னா சொன்ன?”

ராமாயி புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, பிதா சுதன் இஸ்பிரீத்து சாந்துவின் பேராலே என்பதை ஓர் எழுத்துப் பிசகாமல் சொன்னாள். “அன்னிக்கி கேட்டிருந்தாலும் இதத்தான் சொல்லியிருப்பேன், நீ கேக்கல” என்று சேர்த்துக்கொண்டாள். இன்னாசிமுத்து பழைய வரியை அடித்து, சவரிமுத்து என்று எழுதி, ஞானஸ்நானம் கொடுத்தவள் ராமாயி என்றும் எழுதினார். அவர் தலை நிமிர்ந்தபோது பிள்ளையின் மேடு மதிலுக்குள்ளே இருந்தது. மேட்டுக்கும் மதிலுக்கும் நடுவில் ஒருத்தி முழங்காலிட இடம் இருந்தது. காசம்மாள் உள்ளே போய் முழங்காலிட்டாள். அன்று அவள் எதையும் கேட்கவில்லை.

அப்புறம் ஏழு வருஷம் மதில் சும்மா இருந்தது. 1941 மாசியில் ராமாயி செத்துப்போனாள். தாரை தப்பட்டையோடு அவள் சனம் அவளைத் தங்கள் வழக்கப்படி வாய்க்கால் கரையில் அடக்கம் செய்தார்கள். அது மதிலுக்குத் தெற்கே இருபது முழம். அடுத்த ஞாயிறு செபம் முடிந்து கலைகிற நேரம், மதில் தெற்கே ஒரு நெல்லளவு நகர்ந்தது. மணவாளன் யாரிடமும் புகார் சொல்லாமல் அடுத்த நடவில் ஒரு முழம் விட்டுக் கரும்பு நட்டார். ராமாயியின் மகள் கலியம்மாள், “வரட்டும், எங்க ஆத்தா ஒண்ணும் சொல்லாது. ஆடி மாசம் மாரியாத்தாளுக்குக் கூழு ஊத்தறத மட்டும் நிறுத்தக் கூடாது” என்றாள். நீதான் சொன்னாயா என்று காசம்மாளைக் கேட்டார்கள்.

“நான் ஒண்ணும் சொல்லல. எம்புள்ளைய உள்ள சேத்தவ வெளிய கெடந்தா நல்லாவா இருக்கும்? அதுக்கே தெரிஞ்சிருக்கு” என்றாள் காசம்மாள். வாரத்துக்கு ஒரு நெல்லளவு என்றால் இருபது முழத்துக்கு இருபது வருஷம். ஞாயிறு தவறாமல் அவள் மதிலடியைக் குனிந்து பார்த்துவிட்டு, நடவுக்குப் போய்க்கொண்டிருந்தாள்.