இரும்பும் மெஷினும்

கடலூர் முதுநகரில் கருவாடு விற்கிற பட்டம்மாளுக்கு யாரிடமும் பயம் கிடையாது. மீன் ஏலக்காரனையே வாயடைக்க வைப்பாள். கரண்டு என்றால் மட்டும் நடுங்குவாள், ஈரக்கையோடு சுவிட்ச் பக்கம் போக மாட்டாள். அப்படிப்பட்டவளின் ஒரே மகள் அருள்மொழியின் தலையில், காதுக்கு மேலே தோலுக்கடியில், சிதம்பரத்து ஆஸ்பத்திரியில் ஆராய்ச்சி ஒன்றில் சேர்த்து ஒரு கம்பியைப் பதித்து அனுப்பியிருந்தார்கள்.

அவளுக்கு அடிக்கடி வருகிற வலிப்பு மூளையில் எந்த இடத்தில் கிளம்பி எங்கே பரவுகிறது என்று அது பிடித்துக் கொடுக்குமாம். காதுக்குப் பின்னால் காந்தத்தால் ஒட்டியிருக்கும், பேட்டரியில் ஓடும் ஒரு வட்ட வில்லை எல்லாவற்றையும் பதிவு செய்துகொள்ளும். ஆறு மாதப் பதிவில் இடம் தெரிந்துவிட்டால் ஆபரேஷன். அது முடிந்தால், பாதியில் விட்ட பி.எட். படிப்புக்கு அருள்மொழி திரும்பிப் போகலாம். மாத்திரைகள் எல்லாம் கைவிட்ட பிறகு அவளுக்கு மிச்சமிருந்த வழி அது ஒன்றுதான்.

குளிக்கும்போது தவிர வில்லையைக் கழற்றவே கூடாது என்று நர்ஸ் படித்துப் படித்துச் சொன்னாள். பட்டம்மாளும் தலையாட்டினாள். ஆனால் வலிப்பு வந்தால் கையில் இரும்பு கொடுக்காமல் எந்தத் தாய் இருப்பாள்? சின்ன வயதிலிருந்து சாவிக்கொத்தைத்தான் கொடுத்து வந்தாள். தலையில் கரண்டு, கையில் இரும்பு. இரண்டும் சேர்ந்து பிள்ளையைத் தூக்கி அடித்துவிட்டால்? யாரிடமாவது கேட்டிருக்கலாம். கேட்டால் சிரிப்பார்களோ என்று கூச்சம். மகளை வீட்டிலும் கடையிலும் பக்கத்திலேயே வைத்திருப்பாள். "அம்மா, வருது" என்று அவள் சொன்ன கையோடு வில்லையைப் பிடுங்கிவிட்டுச் சாவியைத் திணிப்பாள். அடங்கியதும் பழையபடி ஒட்டிவிடுவாள். கண் விழிக்கிற பெண்ணுக்கு ஒன்றும் தெரியாது.

ஆறு மாதம் கழித்து டாக்டர் ஸ்ரீதர் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். ஒவ்வொரு வலிப்பும் கிளம்பும்போதே கோடு அறுந்திருந்தது. இதை வைத்து இடத்தைச் சொல்ல முடியாது, ஆராய்ச்சியில் இனி இவளை வைத்திருக்கவும் முடியாது, அடுத்த வாரம் கம்பியை எடுத்துவிடுவோம் என்றார். பிறகு அருள்மொழியைப் பார்த்துக் கேட்டார்.

"அத ஏம்மா கழட்டுன?"

தான் கழற்றவே இல்லை என்று அவள் திரும்பத் திரும்பச் சொன்னாள். டாக்டர் தாயைப் பார்த்தார். பட்டம்மாள் தரையைப் பார்த்தாள். நான்தான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். காலில் விழுந்து இன்னும் கொஞ்ச நாள் கேட்டிருக்கலாம். ஏலத்தில் ஊரையே அடக்குகிற வாய், மகள் முகத்தை நினைத்ததும் திறக்கவில்லை, பாவி. சிலர் வலிப்பு வேகத்தில் தாங்களே பிடுங்கிப் போடுவதுண்டு என்று டாக்டர் சலிப்போடு சொல்லி, அடுத்தவரைக் கூப்பிட்டார்.

கடலூர் பஸ் புதுச்சத்திரம் தாண்டியது. அருள்மொழி தாயின் தோளில் சாய்ந்தாள்.

"எனக்கே தெரியாம புடுங்கிப் போட்டுருக்கேம்மா. நீ எத்தினி வாட்டி எடுத்து ஒட்டுனியோ. எல்லாத்தயும் நானே கெடுத்துக்கிட்டேன்."

இப்போதாவது சொல்லிவிடலாம் என்று பட்டம்மாள் வாயைத் திறந்தாள். மகளின் தலையைத் தடவிக் கொடுத்தாள்.

"பரவால்ல வுடு கண்ணு. தெரியாமத்தான செஞ்ச."